வட்டி வீதம் தேடிப் போன கணக்கு

தபால் ஆபீஸில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்க வருகிறவர்கள் வட்டி எவ்வளவு என்று அதிகம் கேட்பதில்லை. எத்தனை மாதத்தில் டபுள் ஆகும் என்றுதான் கேட்பார்கள். 1988-இல் திட்டம் வந்த புதிதில் ஐந்தரை வருடத்தில் பணம் இரட்டித்தது. 2023 ஏப்ரலில் அதை 115 மாதம் என்று அறிவித்தார்கள். போட்டது தெரியும், வரப்போவது தெரியும், நடுவில் ஓடும் காலமும் தெரியும். ஒளிந்திருப்பது வீதம் மட்டும்.

அதைப் பிடிக்கும் வழியைக் கணக்குப் புத்தகம் மூன்றே படியில் சொல்லிவிடும். கிடைக்கும் தொகையை அசலால் வகு. வந்த எண்ணுக்கு இயல் மடக்கை எடு. அதை ஆண்டுகளால் வகு. இரட்டிப்பு என்றால் முதல் படியில் வருவது 2. கால்குலேட்டரில் 2-ஐத் தட்டி எல்.என். பொத்தானை அழுத்தினால் 0.6931. 115 மாதம் என்பது 9.583 ஆண்டு. வகுத்தால் 0.0723, அதாவது 7.23 சதவீதம். அரசாங்கம் சொன்னது 7.5 ஆயிற்றே என்று தோன்றும். இரண்டும் ஒரே வட்டிதான். வருடத்துக்கு ஒரு தடவை வட்டி அசலில் ஏறினால் 7.5 வேண்டும், நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருந்தால் 7.23 போதும், அதே 115 மாதத்தில் பணம் இரட்டித்துவிடும். 1988-இன் ஐந்தரை வருடத்தை இதே மாதிரி வகுத்துப் பாருங்கள்: 12.6 சதவீதம். பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவதில் நியாயம் இருக்கிறது.

இந்த மூன்று படிக்குப் பின்னால் ஏறத்தாழ நான்காயிரம் வருட அலைச்சல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அலைந்தவர்களில் வட்டிக்காரர்கள் குறைவு. நட்சத்திரம் பார்த்தவர்கள், கடிகாரம் செய்தவர், வட்டத்தைச் சதுரமாக்கப் புறப்பட்ட பாதிரியார், ஒரு டாக்டர் என்று சம்பந்தமில்லாதவர்கள் கையில்தான் இது வளர்ந்தது. வட்டித் தொழில் செய்தவர்கள் கடைசியில் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

முதல் தடயம் பாரிஸில் இருக்கிறது. லூவர் அருங்காட்சியகத்தில் ஏஓ 6770 என்று எண்ணிட்ட பாபிலோனியக் களிமண் பலகை, கி.மு. 2000-க்கும் 1700-க்கும் இடைப்பட்டது. 20 சதவீத வட்டிக்கு விட்ட முதல் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்பது அதில் உள்ள கேள்வி. அங்கே ஒரு மினா வெள்ளி என்பது 60 ஷெக்கல். மினாவுக்கு மாதம் ஒரு ஷெக்கல் வட்டி என்றால் வருடத்துக்கு 12, அதுவே 20 சதவீதம். மூன்று வருடத்தில் ஒரு பங்கு 1.728 ஆகும், நான்கு வருடத்தில் 2.0736 ஆகும் என்பது எழுதியவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே பணம் நேர்க்கோட்டில் ஏறுவதாக வைத்துக்கொண்டு, நான்கு வருடத்தில் இரண்டரை மாதத்துக்குச் சற்று அதிகமாகக் குறை என்று விடை சொல்லிவிட்டார். நம் கால்குலேட்டர் சொல்வதற்கும் அதற்கும் ஐந்தாறு நாள்தான் வித்தியாசம்.

ஆனால் அவர் தேடியது காலத்தை. வீதம் அவர் கையிலேயே இருந்தது. காலம் தெரிந்து வீதம் தெரியாமல் போனால் வேலை கடினம், ஏனென்றால் அங்கே மூலம் எடுக்க வேண்டும்.

அந்தத் திசையில் துணிந்து கால் வைத்தவர் ஆரியபட்டர். 499-இல், தம் 23 வயதில் எழுதிய ஆரியபட்டீயத்தில் தெரியாத வட்டியைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் வைத்தார். அதற்கு 629-இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறார். நூறுக்கு மாத வட்டி என்னவென்று தெரியாது. ஒரு மாதத்து வட்டியை அதே வீதத்துக்கு நான்கு மாதம் வெளியே விட்டார்கள். வட்டியும் வட்டிக்கு வட்டியுமாக 6 வந்தது. அப்படியானால் மாத வட்டி எவ்வளவு? விடை 5. முதல் வட்டி ஐந்து, அந்த ஐந்துக்கு மாதம் கால் வீதம் நான்கு மாதத்தில் ஒன்று, மொத்தம் ஆறு. நம்மூர்ப் பேச்சில் இது ‘அஞ்சு வட்டி’, கந்து வட்டி ரகம். ஆரியபட்டரின் வழியில் ஒரு வர்க்கமூலம் வருகிறது. வட்டி இரண்டு முறை ஏறினால் வர்க்கமூலம். இருபது முறை ஏறினால் இருபதாம் மூலம். அதைக் கையால் போட எந்த மனிதனுக்கும் ஆயுள் போதாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தச் சிக்கலே எழவில்லை. கோயில் பணத்தைக் கடன் பெற்ற ஊர்ச் சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி தர வேண்டும் என்று கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். வந்த வட்டி விளக்குக்கும் பூசைக்கும் போய்விடும். அசல் சந்திரசூரியர் உள்ளவரை அப்படியே நிற்கும். வட்டி அசலில் ஏறாத இடத்தில் மூலத்துக்கும் மடக்கைக்கும் என்ன வேலை?

வீதம் ஒளிந்துகொண்டது ஐரோப்பாவில். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை தடுத்திருந்ததால், இத்தாலிய வியாபாரிகள் அதை உண்டியல் சீட்டுக்குள் மறைத்தார்கள். ஓர் ஊரில் ஒரு நாணயத்தில் வாங்கி, சில மாதம் கழித்து இன்னோர் ஊரில் வேறு நாணயத்தில் கொடுப்பதாகச் சீட்டு எழுதிக்கொள்வார்கள். வட்டி என்ற பேச்சே சீட்டில் இருக்காது. நாணய மாற்று விலைக்குள் கரைந்து கிடக்கும். கையில் இருப்பது இரண்டு தொகை, ஒரு காலம். கிசான் பத்திரக் கணக்கேதான். நியாயமாகப் பார்த்தால் வீதம் கண்டுபிடிக்கும் கலையை வளர்க்க வேண்டிய அவசரம் இவர்களுக்குத்தான் இருந்தது. இவர்கள் செய்ததோ பட்டியல் போட்டது.

புளோரன்சின் பார்டி வங்கிக் குடும்பத்தில் முகவராக இருந்த பிரான்செஸ்கோ பெகொலொட்டி, லண்டனிலும் சைப்ரஸிலும் வேலை பார்த்தவர். 1340 வாக்கில் அவர் தொகுத்த வியாபாரக் கையேட்டில், ஊர் ஊராக எடை, அளவு, நாணயங்களுக்கு நடுவே கூட்டு வட்டிப் பட்டியலும் இருக்கிறது: 1 முதல் 8 சதவீதம் வரை, அரை அரையாக, 20 வருடத்துக்கு. இதைத் தலைகீழாகப் படித்தால் வீதம் கிடைக்கும். 100 லீரா 20 வருடத்தில் 265 ஆயிற்றா? இருபதாம் ஆண்டு வரிசையில் விரலை ஓட்டினால் 5 சதவீதத்தில் போய் நிற்கும். 250 ஆயிருந்தால் விரல் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே தடுமாறும். கையேடு பிழைத்தது, கம்பெனி பிழைக்கவில்லை. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் வாங்கிய கடனைத் திருப்பாததும் ஒரு காரணமாக 1340-களில் பார்டி கவிழ்ந்தது. வாங்கியவர் கொடுக்கவே இல்லையென்றால் எந்தப் பட்டியலும் உதவாது.

இப்படிப்பட்ட பட்டியல்களை வங்கிக்காரர்கள் கைப்பிரதியாக வைத்துக்கொண்டு, தொழில் ரகசியமாகப் பொத்திப் பாதுகாத்தார்கள். உடைத்தவர் சைமன் ஸ்டெவின். 1582-இல் ஆன்ட்வெர்ப்பில் பிளான்டின் அச்சகத்தில் வட்டிப் பட்டியலைப் புத்தகமாகவே போட்டுவிட்டார், அதுவும் லத்தீனில் இல்லாமல் சாதாரண வியாபாரி படிக்கும் டச்சு மொழியில். தசமப் பின்னத்தை ஐரோப்பாவில் பரப்பிய அதே ஸ்டெவின்தான். கிடைத்ததையெல்லாம் ஊருக்கே எடுத்து வைக்கும் சுபாவம் போலிருக்கிறது.

நேர்மாறான சுபாவம் யோஸ்ட் புர்கிக்கு. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, பிராக் நகரில் கெப்ளருடன் பழகிய கடிகாரக் கலைஞர். அவர் ஒரு பட்டியல் தயாரித்தார். பத்துக் கோடியில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டே போனார். பத்து மடங்காகி நூறு கோடியைத் தொட 23,027 படிகள் ஆயின. இதை என்னவென்று சொல்வது? படிக்கு 0.01 சதவீதத்தில் ஓடும் கூட்டு வட்டிப் பட்டியல், வேறொன்றுமில்லை. இன்று கடன் பத்திரச் சந்தையில் ‘பேசிஸ் பாயின்ட்’ என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறார்களே, அதே 0.01. புர்கியின் படி எண்ணிக்கையைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 2.3027, பத்தின் இயல் மடக்கை 2.3026. மனிதர் தெரியாமலேயே வாசல்படி வரை வந்துவிட்டார்.

வந்தவர் உள்ளே கூப்பிட யாரையும் விடவில்லை. பட்டியலை வருடக்கணக்காகப் பூட்டி வைத்தார். அச்சானது 1620-இல்; அந்த வருடமே பிராகுக்கு வெளியே வெள்ளை மலையில் பெரும் போர் மூண்டது, புத்தகத்தை யார் கவனிப்பார்கள்? பிறந்த பிள்ளையை வளர்க்காமல் கைவிட்டுவிட்டாரே என்று கெப்ளர் பிற்பாடு எழுதிவைத்துக் குறைபட்டுக்கொண்டார். அதற்குள் பெயரை வேறொருவர் தட்டிச் சென்றிருந்தார். ஸ்காட்லாந்தில் மெர்கிஸ்டன் கோட்டையின் பிரபு ஜான் நேப்பியர், இருபது வருட உழைப்புக்குப் பிறகு 1614-இல் தம் மடக்கைப் பட்டியலை வெளியிட்டுவிட்டார்.

நேப்பியர் நினைத்தது வான சாஸ்திரிகளின் பெருக்கல் சுமையைக் குறைக்க. மடக்கையில் பெருக்கல் கூட்டலாகும்; மூலம் வகுத்தலாகும். இருபதாம் மூலம் வேண்டுமா? மடக்கையை இருபதால் வகுத்தால் தீர்ந்தது. ஆரியபட்டர் நின்ற இடத்திலிருந்து மேலே போகப் பாதை இப்படித்தான் திறந்தது, வட்டி என்ற பேச்சே இல்லாமல்.

பாதையில் முதலில் நடந்தவர்களில் கிழக்கிந்தியக் கம்பெனியும் உண்டு. நேப்பியரின் லத்தீனை ஆங்கிலமாக்கியவர் எட்வர்ட் ரைட், கடல் பயணக் கணக்கில் கரைகண்டவர். புத்தகம் வெளிவருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். 1616-இல் அவர் மகன் சாமுவேல் அதைக் கொண்டுவந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காணிக்கையாக்கினார். சென்னையில் கோட்டை எழுவதற்கு 23 வருடம் முன்பே மடக்கை கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது கப்பல் நிற்கும் இடம். வட்டிக்கு இன்னும் காலம் இருந்தது. இதற்கிடையில் லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் எடின்பரோவுக்குப் பயணம் போய் நேப்பியரைச் சந்தித்து, பத்தை அடியாக வைத்தால் எல்லோருக்கும் வசதி என்று பேசி முடித்தார். நம் பள்ளிக்கூட லாக் டேபிளின் தாத்தா அதுதான். நல்ல வசதி, ஆனால் பணம் தானாக வளரும்போது அதற்குப் பத்து என்ற எண்மீது தனிப் பாசம் ஒன்றும் கிடையாது.

இயல் மடக்கை வந்த கதைக்கு ஓர் ஓட்டம் தேவைப்பட்டது. கிரெகுவார் த சென் வின்சென்ட் பெல்ஜிய நாட்டு ஏசு சபைப் பாதிரியார். வட்டத்தைச் சதுரமாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத வெறி. 1631-இல் சாக்சனிப் படை பிராக் நகரை நெருங்கியபோது காகிதங்களையெல்லாம் போட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. சக பாதிரியார் ஒருவர் அவற்றைக் காப்பாற்றி வைத்தார். சொந்தக்காரர் கைக்குத் திரும்பப் பத்து வருடம் ஆனது. 1647-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் புத்தகம் வந்தது. வட்டத்தைச் சதுரமாக்கிய பகுதி தப்பு என்று இளைஞர் ஹைகென்ஸ் 1651-இல் காட்டிவிட்டார். பாவம், பாதிரியார் எதற்காக ஓடினாரோ அது போயிற்று.

அந்தக் குவியலில் ஒரு ரத்தினம் மிஞ்சியது. ஒன்றை எக்ஸால் வகுத்தால் வரும் அதிபரவளைவை வரைந்து, அதன் கீழே 1 முதல் 2 வரை உள்ள பரப்பை அளந்தால் 0.6931. 2 முதல் 4 வரை அளந்தாலும் 0.6931. 4 முதல் 8 வரை அளந்தாலும் அதேதான். ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஒரே பரப்பு. கிசான் பத்திரத்தில் நாம் தட்டியெடுத்த எண் இங்கே ஒரு வளைகோட்டின் அடியில் பரப்பாகக் கிடக்கிறது. இது மடக்கையின் குணமாயிற்றே என்று 1649-இல் கண்டுகொண்டவர் அவர் மாணவர் அல்போன்ஸ் அந்தோனியோ த சரசா. 1668-இல் லண்டனில் நிக்கொலாஸ் மெர்கேட்டர் அந்தப் பரப்பைக் கணக்கிட ஒரு தொடரை அச்சிட்டார். உலகப்படம் வரைந்த மெர்கேட்டர் வேறு, இவர் வேறு. ஏற்கெனவே அதைத் தனியே கண்டுபிடித்துப் பேசாமல் வைத்திருந்த ஐசக் நியூட்டன் பதறிப்போய்த் தம் குறிப்புகளை அவசரமாகத் தொகுத்து நண்பர்களிடம் கொடுத்தார்.

இவ்வளவு தூரம் வந்தும் வட்டி இந்தக் கதைக்குள் நேராக நுழையவில்லை. நுழைத்தவர் பாசல் நகரத்து யாக்கோபு பெர்னூலி. கடன் கொடுத்தவன் ஆண்டுக்கு ஒரு முறை வட்டி சேர்க்காமல் ஒவ்வொரு கணமும் அந்தக் கணத்து வட்டியை அசலில் ஏற்றிக்கொண்டே போனால் வருடக் கடைசியில் எவ்வளவு சேரும் என்று கேட்டு, 1690-இல் விடையை அச்சிட்டார். ஒரு ரூபாய்க்கு வருட வட்டி ஒரு ரூபாய் என்று வைத்துப் பார்க்கலாம். வருடக் கடைசியில் மட்டும் சேர்த்தால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை என்றால் 2.25. காலாண்டு என்றால் 2.4414. மாதம் என்றால் 2.6130. நாள்தோறும் சேர்த்தால் 2.7146. கடன்காரன் மூச்சுவிடும் நேரம்கூட இல்லாமல் சேர்த்தாலும் 2.7183-ஐத் தாண்டாது. பேராசைக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது! பெர்னூலி அது இரண்டரைக்கு மேல், மூன்றுக்குக் கீழ் என்று எல்லை கட்டினார். அதற்கும் மடக்கைக்கும் உள்ள உறவு அவர் கண்ணில் படவில்லை. மடக்கைக்காரர்கள் வட்டியைப் பார்க்கவில்லை, வட்டியைப் பார்த்தவர் மடக்கையைப் பார்க்கவில்லை.

இருவருக்கும் கை பிடித்துக் கொடுத்தவர் லெயொனார்ட் ஆய்லர். யாக்கோபின் தம்பி யோகானிடம் படித்தவர், அதே பாசல்காரர். 1748-இல் வந்த புத்தகத்தில் அந்த எண்ணுக்கு 23 தசம இடம் வரை மதிப்பு கொடுத்தார்; அதை அடியாகக் கொண்ட மடக்கையும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பும் ஒன்றே என்று காட்டினார். அதே புத்தகத்தில், மடக்கை எதற்கெல்லாம் உதவும் என்று சில கணக்குகளும் போட்டிருக்கிறார். அவற்றில் ஒன்று அசல் வீதக் கணக்கு. ஊழிவெள்ளத்துக்குப் பிறகு ஆறு பேரிலிருந்து மனித குலம் பெருகி 200 வருடத்தில் பத்து லட்சம் ஆனது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு எந்த வீதத்தில் பெருகியிருக்க வேண்டும்? பத்து லட்சத்தை ஆறால் வகுத்து, மடக்கை எடுத்து, இருநூறால் வகுத்தார். ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இவ்வளவு குறுகிய காலத்தில் உலகம் நிரம்புமா என்று கேலி பேசியவர்களுக்கு அதுவே பதில் என்று எழுதிவிட்டு நகர்ந்தார். ஆரியபட்டர் வர்க்கமூலத்தோடு நின்ற இடத்தில், ஆய்லர் இருநூறாம் மூலத்தை ஒரே வகுத்தலில் முடிக்கிறார்.

கடன் கணக்கும் உண்டு. 4,00,000 புளோரின் கடன், 5 சதவீத வட்டி, வருடம் 25,000 திருப்புகிறார், எப்போது தீரும்? 33 வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் பதற வேண்டாம், முதல் வருடம் கட்டும் 25,000-இல் 20,000 வட்டிக்கே போய்விடும் கதை அன்றும் அப்படித்தான்.

இந்தக் கணக்கை நிஜப் பணத்தில் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பை பெஞ்சமின் பிராங்க்ளின் ஏற்படுத்தித் தந்தார். அதன் ஆரம்பம் ஒரு கிண்டல். பிராங்க்ளினின் சிக்கனப் போதனைகளைப் பகடி செய்து மத்தோன் த லா கூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கற்பனை உயில் எழுதினார்: சிறு தொகைகளை நூற்றாண்டுக் கணக்கில் வட்டிக்கு விட்டு உலகத்தையே மேம்படுத்தும் உயில். பிராங்க்ளினுக்குக் கோபம் வரவில்லை. யோசனை நன்றாயிருக்கிறதே என்று நிஜமாகவே எழுதிவிட்டார். 1790-இல் அவர் இறந்தபோது பாஸ்டனுக்கு ஆயிரம் பவுன், பிலடெல்பியாவுக்கு ஆயிரம் பவுன். கல்யாணமான இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீதத்தில் கடனாக விட வேண்டும். நூறு வருடத்தில் 1,31,000 பவுன் ஆகும் என்று அவரே கணக்கும் சொல்லிவைத்தார்.

ஆயிரம் பவுன் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4,444 டாலர். நூறு வருடம் கழிந்தபோது பாஸ்டன் நிதி ஏறத்தாழ 3,90,000 டாலரில் இருந்தது, பிலடெல்பியா நிதி ஏறத்தாழ 90,000-இல். இப்போது மூன்று படியைப் போட்டுப் பாருங்கள். பாஸ்டனில் 88 மடங்கு. அதன் இயல் மடக்கை 4.48, நூறால் வகுத்தால் 4.48 சதவீதம். பிலடெல்பியாவில் இருபது மடங்குக்குச் சற்று மேல். இயல் மடக்கை 3.01, 3 சதவீதம். ஒரே உயில், ஒரே தொகை, ஒரே காலம். வீதத்தில் ஒன்றரை சதவீத வித்தியாசம், நூறாவது வருடத்தில் நாலு மடங்குக்கும் மேலான வித்தியாசமாக நிற்கிறது. முடிவுத் தொகைகளை மட்டும் பார்த்தால் பிலடெல்பியாக்காரர்கள் பணத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்றே தோன்றும். வீதத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான், தொலைக்கவில்லை, மெத்தனமாக இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

எல்லோருக்கும் மடக்கைப் பட்டியல் புரட்டப் பொறுமை ஏது? 1815-இல் பீட்டர் மார்க் ரோஜே என்ற லண்டன் டாக்டர் நகரும் அளவுகோலில் ஒரு புதுமை செய்தார்: மடக்கையின் மடக்கையை ஒரு விளிம்பில் பொறித்தார். எத்தனையாவது மூலமானாலும் குச்சியைத் தள்ளிப் படித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நாற்பது சொல் தேடித் தரும் தெசாரஸ் தொகுத்த ரோஜேவேதான் இவர். அளவுகோல் நெடுங்காலம் மூலையில் கிடந்து, எஞ்சினியர்கள் காலத்தில் மறுபிறவி எடுத்தது.

போகிற வழியில் இந்தக் கணக்குக் குறி மாறிக் கதிரியக்கத்துக்கும் போய்வந்தது. கரி-14 பாதியாக 5,730 வருடம். 0.6931-ஐ 5,730-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 0.0121 சதவீதக் கழிவு வட்டி. கீழடிக் கரித்துண்டின் வயதை கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று சொன்னது இந்த வட்டிதான்.

வங்கிகள் கடைசியில் இதைக் கண்டெடுத்தது ஒரு சட்டத்தைச் சுற்றிப் போவதற்காக. 1933-க்குப் பிறகு அமெரிக்காவில் டெபாசிட் வட்டிக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. 1960-களில் பணத்துக்கு கிராக்கி ஏறியபோது போட்டி வங்கியைவிட அதிக வட்டி தர வழியில்லை. டோஸ்டர் கொடுத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள். பிறகு ஒருவருக்கு மூளை வேலை செய்தது: சட்டம் வீதத்தைத்தான் கட்டுகிறது, எத்தனை முறை சேர்ப்பது என்பதைக் கட்டவில்லையே! காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 5 சதவீதம் வருடத்துக்கு 5.09 ஆகிறது. பக்கத்து வங்கி தினமும் சேர்ப்பதாக விளம்பரம் செய்தது: 5.1267. அடுத்த தெரு வங்கி விடுமா? கணந்தோறும் சேர்க்கிறோம் என்று போர்டு வைத்தது: 5.1271. பெர்னூலியின் உச்சவரம்பு இங்கே முட்டிவிட்டது. தினசரிக்கும் கணந்தோறுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் டாலருக்கு வருடத்தில் அரை சென்ட்கூட இல்லை. அதற்குத்தான் அத்தனை பெரிய எழுத்தில் விளம்பரம். 1.051271-க்கு இயல் மடக்கை எடுத்துப் பார்த்த வாடிக்கையாளருக்குச் சுத்தமாக 0.05 வந்திருக்கும், அதாவது சட்டம் அனுமதித்த அதே ஐந்து. நம் வங்கிகள் டெபாசிட்டுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்ப்பதோடு நின்றுவிட்டன; அந்த வரையில் நமக்குப் போர்டு மிச்சம். 1980-களில் அமெரிக்க உச்சவரம்பு போனதும் அந்த விளம்பரங்களும் போயின.

கணக்கு மட்டும் போகவில்லை. பங்குச் சந்தையில் குடியேறிவிட்டது. கொண்டுவந்தவர் வங்கிக்காரர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. மோரி ஆஸ்போர்ன் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இயற்பியலாளர். சால்மன் மீன் ஆற்றை எதிர்த்து நீந்தச் செலவழிக்கும் சக்தியைக்கூட ஆராய்ந்தவர். பங்கு விலை மாற்றத்தை ரூபாயில் அளக்காமல் மடக்கையில் அளக்க வேண்டும் என்று 1959-இல் எழுதினார். 100 ரூபாய்ப் பங்கு இன்று 150 ஆகி நாளை 100-க்கே திரும்பினால், ஏற்றம் 50 சதவீதம், இறக்கம் 33 சதவீதம் என்று செய்தித்தாள் சொல்லும். கூட்டிப் பார்த்தால் 17 சதவீத லாபம் போலத் தெரியும், பையில் ஒரு பைசா இருக்காது. இயல் மடக்கையில் ஏற்றம் 0.405, இறக்கமும் 0.405, கூட்டினால் பூச்சியம். 1972-இல் 395 டாலருக்கு வந்த எச்.பி.-35 பாக்கெட் கால்குலேட்டர் எல்.என். பொத்தானோடு வந்தது. மறு வருடமே பிளாக்கும் ஷோல்சும் ஆப்ஷன் விலைக்குக் கொடுத்த சூத்திரத்திலும் அதே இயல் மடக்கை, அதே கணந்தோறும் ஏறும் வட்டி.

மும்பை தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு வியாபார நாளும் கடை கட்டிய பிறகு ஒரு கோப்பை வெளியிடுகிறது. ஏ என்ற பத்தியில் ஒவ்வொரு பங்கின் இன்றைய முடிவு விலை, பி என்ற பத்தியில் நேற்றைய விலை. அடுத்த பத்தியின் தலைப்பிலேயே வழிமுறையை எழுதிவைத்திருக்கிறார்கள்: ஏ-யை பி-யால் வகுத்து எல்.என். எடுத்தது. மூன்றாவது படியைக் காணோமே என்றால், காலம் ஒரு நாள். ஒன்றால் வகுத்தால் என்ன, வகுக்காவிட்டால் என்ன. அந்தப் பத்தியிலிருந்துதான் விலை எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆட்டம் கூடினால் புரோக்கர்கள் கட்ட வேண்டிய மார்ஜினும் கூடும்.